கணக்குப்பிள்ளை போட மறந்த கையெழுத்து

2000-ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் பெல்ஃப்ரி கோல்ஃப் மைதானம். நான்கு நாள் போட்டியில் மூன்று நாள் ஆட்டம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, டப்ளின்காரரான 28 வயது பாட்ரிக் ஹாரிங்டன் மற்ற எல்லோரையும்விட ஐந்து அடி முன்னால் இருந்தார். கோல்ஃபில் அடிகள் குறையக் குறையத்தான் வெற்றி. கடைசி நாளில் ஐந்து அடி முன்னிலை என்றால் கோப்பையைக் கையில் வாங்க வேண்டியதுதான் பாக்கி என்று பொருள்.

முந்தின நாள் அவர் ஆடிய ஆட்டத்தில் மயங்கிப்போன மைதானத்தார், அவருடைய ஸ்கோர் அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டிவைக்க ஆசைப்பட்டார்கள். அதற்காக அட்டைகளைத் தேடி எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வியாழக்கிழமை, அதாவது முதல் நாள் அட்டையில் கூட ஆடிய இருவரின் கையெழுத்தும் இருக்கிறது. ஹாரிங்டனின் கையெழுத்து மட்டும் இல்லை.

கோல்ஃபில் ஒவ்வொரு ஆட்டக்காரர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. கூட ஆடுபவர் உங்கள் கணக்கை எழுதுவார். முடிவில் நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். போடாவிட்டால் அந்தச் சுற்றே இல்லை, போட்டியும் இல்லை. ஹாரிங்டன் வெளியேற்றப்பட்டார். கோப்பையை ஸ்பெயினின் ஒலாசபால் கொண்டுபோனார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாரிங்டன் பரீட்சை எழுதித் தேறிய கணக்காளர். பேரேட்டில் கையெழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முப்பது ஆண்டுகளாகத் தொழில்முறையில் ஆடிவரும் இந்த மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 'கோல்ஃபா? அதை யார் படிப்பார்கள்? பணக்காரர்களும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் ஆடுகிற ஆட்டமாயிற்றே' என்று சில வாசகர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நம் ஊரில் அது உண்மைதான். ஆனால் ஹாரிங்டன் ஆடிக் கற்ற மைதானத்தை உருவாக்கியது போலீஸ்காரர்கள்.

டப்ளினுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஸ்டாக்ஸ்டவுன் என்று ஓர் இடம். 1970-களில் அயர்லாந்து போலீஸார் தங்களுக்கென அங்கே ஒரு கோல்ஃப் மைதானம் அமைத்தார்கள். சரிவும் மேடுமான பூமி. பந்து நின்ற இடத்தில் கால் சமமாக நிற்காது. அந்த வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் பாடி ஹாரிங்டன். அவருடைய ஐந்து மகன்களில் கடைக்குட்டிதான் நம் ஆள்.

அப்பா பாடிக்கும் ஒரு விளையாட்டு வரலாறு உண்டு. அயர்லாந்துக்கே உரிய கேலிக் கால்பந்தில் கார்க் மாவட்ட அணிக்காக ஆடியவர் அவர். அந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. பகலில் உத்தியோகம், மாலையில் பந்து. அகில அயர்லாந்து இறுதிப் போட்டி என்பது அந்த நாட்டில் திருவிழா. கார்க் அணி 1956-ல் இறுதிப் போட்டிக்கு வந்து தோற்றது. 1957-ல் மறுபடி வந்து மறுபடி தோற்றது. இரண்டிலும் பாடி ஹாரிங்டன் இருந்தார். மகன் வாழ்க்கையில் பிற்பாடு நடந்ததைப் பார்க்கும்போது, இரண்டாம் இடம் என்பது குடும்பச் சொத்தாகவே வந்ததோ என்று தோன்றும்.

அமெச்சூராக இருந்த காலத்தில் பையன் கெட்டிக்காரன். அமெரிக்காவுக்கு எதிரான வாக்கர் கோப்பையில் மூன்று முறை ஆடினான். 1995-ல் வேல்ஸின் போர்த்கால் மைதானத்தில் அவன் அணி ஜெயித்தபோது, தோற்ற அமெரிக்க அணியில் டைகர் வுட்ஸ் என்ற இளைஞர் இருந்தார். ஆனாலும் ஹாரிங்டன் கோல்ஃபை மட்டும் நம்பி இறங்கவில்லை. மாலை வகுப்புக்குப் போய்க் கணக்கியல் படித்துத் தேறிவிட்டு, 1995-ன் பிற்பகுதியில், 24 வயதில்தான் தொழில்முறை ஆட்டக்காரரானார். இவர் ஏதாவது கிளப்பில் நிர்வாகியாகி நிம்மதியாக இருந்திருக்கக் கூடியவர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

1996-ல் ஸ்பானிஷ் ஓபனை வென்றார். 1997-ல் ஒரே பள்ளியில் படித்த பால் மெக்கின்லியோடு ஜோடி சேர்ந்து, அமெரிக்காவின் கியாவா தீவில் நடந்த உலகக் கோப்பையை அயர்லாந்துக்குக் கொண்டுவந்தார். 1958-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் உலகக் கோப்பை.

பிறகு தொடங்கியது இரண்டாம் இடப் படலம். ஒன்றல்ல, இரண்டல்ல, 2007 வரை கணக்கெடுத்தால் முப்பதையொட்டி வரும். பெரிய போட்டிகளிலும் இதே கதைதான். 2002-ல் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓபன். கடைசிக் குழியில் ஓர் அடி கூடுதலாகப் போனது. அந்த ஓர் அடியால்தான் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃபில் இடம் போயிற்று. 2006-ல் அமெரிக்க ஓபன். கடைசி மூன்று குழிகளை நிர்ணயித்த அடிகளில், அதாவது 'பார்' கணக்கில் முடித்திருந்தால் கோப்பை அவருடையது. மூன்றிலும் ஒவ்வோர் அடி அதிகம். ஐந்தாவது இடம்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த மில்கா சிங்கை நமக்குத் தெரியும். அவர் மகன் ஜீவ் மில்கா சிங். 2006 அக்டோபர் இறுதியில் ஸ்பெயினின் வல்டெர்ராமாவில், ஐரோப்பிய சீசனின் கடைசிப் போட்டியான வோல்வோ மாஸ்டர்ஸை ஜீவ் ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். அன்று இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், வேறு யார், ஹாரிங்டன்தான்.

ஆனால் அந்த இரண்டாம் இடம் மட்டும் லாபத்தில் முடிந்தது. ஸ்பெயினின் செர்ஜியோ கார்சியா கடைசிக் குழியில் ஓர் அடியைக் கோட்டைவிட்டதால், பரிசுப் பணத்தில் ஹாரிங்டனின் பங்கு கூடியது. அந்தச் சில்லறை உயர்வில் அவர் பால் கேசியைச் சுமார் 35,000 யூரோவில் தாண்டி, அந்த ஆண்டு ஐரோப்பாவில் அதிகம் சம்பாதித்தவர் என்ற பட்டத்தைப் பெற்றார். அமர்ந்த இடத்தில் காத்திருந்து, கூட்டிக் கழித்துப் பார்த்துப் பெற்ற பட்டம். கணக்காளருக்கு இதைவிடப் பொருத்தமான வெற்றி இருக்க முடியாது.

கார்சியா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 ஜூலை. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. பிரிட்டிஷ் ஓபன். கடைசி நாள் தொடங்கும்போது கார்சியா முன்னணியில்; ஹாரிங்டன் அவருக்கு ஆறு அடி பின்னால். மாலைக்குள் கணக்கு தலைகீழாகிவிட்டது. கடைசிக் குழியின் தொடக்கத்தில் நிற்கும்போது ஹாரிங்டன் ஓர் அடி முன்னால்.

அந்தக் குழியின் குறுக்கே பாரி பர்ன் என்ற ஓடை வளைந்து வளைந்து ஓடுகிறது. 1999-ல் பிரான்ஸின் வான் டி வெல்டி மூன்று அடி முன்னிலையோடு இங்கே வந்து, இதே ஓடையில் கோப்பையைக் கரைத்த கதையை உலகமே பார்த்தது. ஹாரிங்டனும் பார்த்திருப்பார். இருந்தும் அவர் அடித்த முதல் பந்து ஓடைமேல் இருந்த நடைபாலத்தில் தத்தித் தத்திப் போய்த் தண்ணீரில் விழுந்தது. அபராதம் ஓர் அடி. அடுத்து அடித்தார். மறுபடி ஓடை. இன்னோர் அபராதம்.

அன்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அநேகமாக எல்லோருமே அவரைக் கைகழுவியிருப்பார்கள். இன்னொரு இரண்டாம் இடம், அதுவும் அவமானத்தோடு. ஆனால் அடுத்த அடிதான் என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த அடி. ஓடைக்கு இப்புறமிருந்து ஒரு குட்டி அடி. பந்து ஓடையைத் தாண்டி, கிரீனில் ஓரிரு முறை குதித்து, குழிக்கு எட்டும் தூரத்தில் நின்றது. அதை உள்ளே தள்ளினார். நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழியில் ஆறு.

கிரீனை விட்டு வெளியே வந்தவரை நோக்கி மூன்று வயது மகன் ஓடிவந்தான். அவனுக்கு ஓடை தெரியாது, அபராதம் தெரியாது. அப்பா ஆட்டத்தை முடித்துவிட்டார், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே கட்டிப் பிடித்தான். ஹாரிங்டன் அவனைத் தூக்கிக்கொண்டு கணக்குக் கூடாரத்துக்குப் போனார். தன்னை அந்த நிமிடத்தில் தேற்றியது அவன்தான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

பின்னால் ஆடிவந்த கார்சியா, கடைசிக் குழியை நான்கு அடியில் முடித்தால் ஜெயம். பந்து மணல் பள்ளத்தில் சிக்கி, மீண்டு வந்து, கடைசித் தள்ளலில் குழியின் உதட்டைத் தொட்டுவிட்டு விலகிப் போனது. இருவரும் சமம். நான்கு குழி பிளே-ஆஃப். முதல் குழியிலேயே ஹாரிங்டன் நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடித்துப் 'பேர்டி' எடுத்தார்; கார்சியா ஓர் அடி அதிகமாக்கிப் 'போகி' எடுத்தார். கடைசியில் அதே ஓடைக் குழியில் ஹாரிங்டன் வீரம் காட்டவில்லை. கையிருப்பைச் செலவழிப்பவர்போல் நிதானமாக ஐந்து அடியில் முடித்து, ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார்.

1947-ல் போர்ட்ரஷைச் சேர்ந்த ஃபிரெட் டாலி வென்ற பிறகு, அயர்லாந்து தீவுக்காரர் ஒருவர் இந்தக் கோப்பையைத் தொட அறுபது ஆண்டுகள் ஆயின. கோப்பையைக் கண்ட மகனுக்கு வந்த முதல் சந்தேகம், இதற்குள் பொன்வண்டுகளை விட்டுவைக்கலாமா என்பது. பாடி ஹாரிங்டன்தான் இல்லை. அவர் 2005 ஜூலையில், அந்த ஆண்டு ஓபன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு புற்றுநோயில் இறந்திருந்தார். மகன் அந்தப் போட்டியிலிருந்து விலகி வீட்டில் இருந்தார்.

அடுத்த ஆண்டு, 2008-ல், பர்க்டேல் மைதானத்தில் ஓபன். பயிற்சியின்போது மணிக்கட்டில் அடிபட்டு, ஆடுவாரா மாட்டாரா என்பதே சந்தேகம். கடைசி நாள் முன்னணியில் இருந்தவர் 53 வயது கிரெக் நார்மன். ஊரே கிழவர் ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. பதினேழாவது குழியில் சுமார் 250 கஜ தூரத்திலிருந்து ஹாரிங்டன் அடித்த பந்து கொடிக்கம்பத்தின் பக்கத்தில் போய் நின்றது. நிர்ணயித்ததைவிட இரண்டு அடி குறைவு, அதாவது 'ஈகிள்'. நான்கு அடி வித்தியாசத்தில் வெற்றி. மூன்று வாரம் கழித்து அமெரிக்காவின் ஓக்லண்ட் ஹில்ஸில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். அங்கேயும் கடைசி மூன்று குழிகள்வரை கூட நின்று போராடியவர் கார்சியாதான். பதினாறாவது குழியில் அவர் பந்து தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது முறையாகத் தன் கண்ணெதிரே ஹாரிங்டன் மேலேறுவதைப் பார்க்கும் துர்பாக்கியம் அவருக்கு. அதே போட்டியில் ஜீவ் மில்கா சிங் ஒன்பதாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்; ஓர் இந்தியர் மேஜர் போட்டியில் அதுவரை எட்டாத இடம்.

ஆறு மேஜர் போட்டிகளில் மூன்று ஹாரிங்டனுக்கு. உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம்.

சரி, இந்த நிலையில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கை வந்த வித்தையைத் தொடாமல், சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே ஆடிக்கொண்டிருப்போம். ஹாரிங்டன் என்ன செய்தார் தெரியுமா? மட்டையை வீசும் விதத்தையே மாற்றத் தொடங்கினார். மூன்று மேஜர் வென்ற வீச்சில் குறை இருக்கிறதாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை.

ஓணான் சும்மா இருக்குமா? 2009-ல் அவரால் பெரிய போட்டி எதையும் வெல்ல முடியவில்லை. ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் மைதானத்தில் டைகர் வுட்ஸோடு கடைசி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தபோது, இருவரும் தாமதம் செய்கிறார்கள் என்று அதிகாரி கடிகாரத்தைக் கையில் எடுத்தார். ஹாரிங்டன் அவசரப்பட்டார். பந்து தண்ணீரில் விழுந்து, ஐந்து அடிக் குழி எட்டு அடியானது. வுட்ஸ் ஜெயித்தார். அதற்குப் பிறகு சரிவு மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தது. 2011-ல், ஸ்காட்லாந்தின் பாப் டோரன்ஸ் என்ற முதியவரை, இத்தனை காலம் தன்னைச் செதுக்கிய குருவை, விட்டு விலகினார்.

அந்த ஆண்டு ஜனவரியில் அபுதாபியில் பழைய வினை வேறு வேடத்தில் வந்தது. முதல் நாள் 65 அடியில் பிரமாதமாக முடித்தார். கிரீனில் பந்தை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது விரல் பட்டு, பந்து இம்மி நகர்ந்திருக்கிறது. விரல் பட்டது அவருக்குத் தெரியும். பந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று நினைத்தார். தொலைக்காட்சியில் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், மெதுவாக ஓட்டிப் பார்த்து மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு அடி அபராதம் சேர்க்காத அட்டையில் ஹாரிங்டன் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனவே வெளியே. பெல்ஃப்ரியில் கையெழுத்துப் போடாததால் போனது. இங்கே போட்டதால் போனது.

இரண்டு முறையும் அவர் அதிகாரிகளோடு சண்டை போடவில்லை. விதி விதிதான் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். விதியை எழுதியவர்களுக்குத்தான் உறுத்தியிருக்கிறது. அடுத்த ஏப்ரலிலேயே, ஆட்டக்காரர் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத தவறுக்கு வெளியேற்ற வேண்டியதில்லை என்று தளர்த்தினார்கள். 2023-ல் இன்னொரு வழியும் வந்தது: போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால், விட்டுப்போன கையெழுத்துக்கு இரண்டு அடி அபராதத்தோடு விட்டுவிடலாம். பெல்ஃப்ரியில் அது இருந்திருந்தால், ஐந்தில் இரண்டு போக மூன்று அடி முன்னிலையோடு அவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார்.

2015-ன் தொடக்கத்தில் உலகத் தரவரிசையில் அவர் இடம் 297. அமெரிக்காவின் ஹோண்டா கிளாசிக் போட்டியில் அமைப்பாளர்கள் அழைத்ததால்தான் இடம். வயது 43. ஜெயிக்கும் நிலையில் பதினேழாவது குழியில் பந்தைத் தண்ணீரில் போட்டார். பழைய கதைதான் என்று எழுந்து போனவர்கள் ஏமாந்தார்கள்: பதினெட்டில் பேர்டி எடுத்துச் சமன் செய்தார். பிளே-ஆஃபில் அதே பதினேழாவது குழிக்குத் திரும்பி வந்து, அதே தண்ணீரைத் தாண்டி, குழிக்கு மிக அருகில் பந்தை நிறுத்தினார். எதிர்த்து ஆடிய டேனியல் பெர்கர், ஹாரிங்டன் தொழில்முறைக்கு வந்தபோது தொட்டிலை விட்டு இறங்காத குழந்தை. அவருடைய பந்து தண்ணீரில் விழுந்தது.

வீச்சை மாற்றியது பைத்தியக்காரத்தனம் என்று கோல்ஃப் எழுத்தாளர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. இயற்கையிலேயே அழகாக அடிக்கத் தெரிந்தவர் அல்ல ஹாரிங்டன். குறையைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாகத் திருத்தி, ஏணியில் ஏறியவர். முப்பது முறை இரண்டாவதாக வந்தவரை முப்பத்தோராவது முறை முதலாவதாக்கியது அந்த அரிப்புதான். மூன்று கோப்பை வந்துவிட்டது என்பதற்காக அரிப்பு அடங்கிவிடுமா? ஏறுவதற்கு ஒரு குணம், ஏறியபின் உட்காருவதற்கு வேறொரு குணம் என்று மனிதர்களுக்கு இரண்டு செட் கிடையாது. ஆனால் இப்படிச் சொல்லும்போதே, அவர் சும்மா இருந்திருந்தால் இன்னும் இரண்டு கோப்பை வந்திருக்குமோ என்ற சபலமும் விடமாட்டேன் என்கிறது. செய்ததற்காக வருந்துகிறேன் என்று அவர் சொல்லி நான் படித்ததில்லை.

அவர் திறந்துவிட்ட கதவு வழியாக மற்றவர்கள் நுழைந்தார்கள். மெக்டவல் 2010-ல், கிளார்க்கும் மெக்கில்ராயும் 2011-ல், லௌரி 2019-ல் என்று அந்தச் சின்னத் தீவு மேஜர் கோப்பைகளை அள்ளியது. ஹாரிங்டனோ மட்டை வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று நாற்பது வயதுக்கு மேல் ஆராய்ந்துகொண்டிருந்தார். 2021-ல், ஐம்பதை நெருங்கும்போது, பழைய கியாவா தீவில் நடந்த பி.ஜி.ஏ.வில் நான்காவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு ரைடர் கோப்பையில் ஐரோப்பாவின் கேப்டனாகப் போய், அமெரிக்காவிடம் 19-9 என்று அடி வாங்கினார். அது பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே மரியாதை.

ஐம்பது தாண்டியவர்களுக்குத் தனி ஆட்டக் களம் உண்டு. 2022-ல் அமெரிக்க சீனியர் ஓபனை வென்றார். ஆனால் பிரிட்டிஷ் சீனியர் ஓபன் வழக்கம்போல் கண்ணாமூச்சி காட்டியது. 2022-ல் டேரன் கிளார்க்கிடம் ஓர் அடியில் தோல்வி. 2023-ல், இளவயதில் டைகர் வுட்ஸின் அணியை வீழ்த்திய அதே போர்த்காலில், அலெக்ஸ் செய்காவிடம் பிளே-ஆஃபில் தோல்வி. 2024-ல் கோல்ஃபின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைப் பொறித்தார்கள். பொதுவாக அதற்குப் பிறகு மனிதர்கள் நினைவுக் குறிப்பு எழுதப் போவார்கள்.

2025 ஜூனில் அமெரிக்க சீனியர் ஓபன் மறுபடி அவருக்கு. ஜூலையில் ஃபிரெட் டாலியின் ஊரான போர்ட்ரஷில் ஓபன் நடந்தபோது, போட்டியின் முதல் பந்தை அடிக்கும் கௌரவத்தை 53 வயது ஹாரிங்டனுக்கு அளித்தார்கள். வியாழக்கிழமை விடியற்காலை, கூட்டம் குளிரில் நின்றது. சம்பிரதாயமாக அடித்துவிட்டுக் கையசைப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னால் அந்த முதல் குழியில் பேர்டி எடுத்தார். அடுத்த வாரம் லண்டனுக்கு அருகே சன்னிங்டேலில் பிரிட்டிஷ் சீனியர் ஓபன். கடைசி நாள், முதல் குழியில் ஈகிள். அதற்குப் பிறகு யாரையும் எட்ட விடவில்லை. ஓபன், சீனியர் ஓபன் இரண்டையும் வென்ற ஐந்தாவது ஆட்டக்காரர் ஆனார். பதினெட்டாவது குழியை முடித்துவிட்டு உள்ளே போய், அட்டையைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டார்.